எம்ஆர்ஐ எடுத்தாச்சே, இன்னொன்று எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் அத்தை, போன மாதம் ஒரு நாள் பசியாறுவதற்கு முன்பே வந்துவிட்டார். கையில் மருத்துவமனைக் கடிதம்.

"ஐயா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. போன வருஷமே தலைக்கு எம்ஆர்ஐ எடுத்தாச்சு. இப்ப மறுபடியும் எம்ஆர்ஐன்னு எழுதியிருக்கு. முதல்ல எடுத்தது சரியில்லையா?"

அவர் மகனுக்கு, அதாவது என் மச்சானுக்கு, வலிப்பு. பதினாலு வயதில் தொடங்கியது. மூன்று வகை மருந்து மாற்றிப் பார்த்தும் முழுதாக நிற்கவில்லை. கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். எம்ஆர்ஐ என்ற சொல்லுக்கு முன்னால் 'ஃபங்ஷனல்', அதாவது செயல்பாடு சார்ந்த, என்று ஒரு சொல் இருந்தது. அத்தையின் கேள்விக்கான பதில் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அன்று அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கடிதம் இன்னும் சில வீடுகளுக்கும் வரும்.

சாதாரண எம்ஆர்ஐ, மூளையின் அமைப்பைக் காட்டும். எங்கே கட்டி, எங்கே தழும்பு, எங்கே சுருக்கம் என்று தெரியும். ஒரு ரப்பர் தோட்டத்தின் வரைபடம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். லயம், ஸ்டோர், ஆபீஸ், கோயில் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து யார் எந்தக் காட்டுக்கு வேலைக்குப் போனார் என்பது வரைபடத்தில் இருக்காது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் வேலை நடக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். ஃபங்ஷனல் எம்ஆர்ஐ செய்வது அதுதான். ஆள் இயந்திரத்துக்குள் படுத்துக்கொண்டு ஏதோ ஒரு வேலை செய்வார். விரலை அசைப்பார், சொற்களை யோசிப்பார், படம் பார்ப்பார். அந்த நேரத்தில் மூளையின் எந்தப் பகுதி உழைக்கிறது என்று இயந்திரம் பதிவு செய்யும். இயந்திரம் அதேதான், பார்க்கிற முறைதான் வேறு.

எப்படிப் பார்க்கிறது? இதை அவசரமில்லாமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் நினைப்பது போல இது மூளையின் எண்ணத்தையோ மின்சாரத்தையோ நேரடியாகப் பார்ப்பதில்லை. இரத்தத்தைப் பார்க்கிறது.

ஆடித் திருவிழா அன்னதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் ஒரு வரிசை வேகமாகச் சாப்பிடுகிறது. பரிமாறுகிற பையன்கள் அதைக் கண்டதும் அந்த வரிசைக்கு வாளி வாளியாகச் சோறு கொண்டு ஓடுவார்கள். ஒரு கரண்டி கேட்டால் ஒரு வாளி போகும். அந்த வரிசையில் சாப்பாடு தேவைக்கு மேலேயே நிற்கும். மண்டபத்தின் மேல்மாடியிலிருந்து பார்க்கிறவருக்கு யார் எத்தனை வாய் சாப்பிட்டார் என்று தெரியாது. ஆனால் வாளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நன்றாகத் தெரியும்.

மூளையும் அப்படித்தான். உடல் எடையில் 2 சதவீதம்தான் இருக்கும் இந்த உறுப்பு, உடலின் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் சாப்பிடுகிறது. ஒரு பகுதி வேலையில் இறங்கினால் அங்கே ஆக்சிஜன் ஏந்திய இரத்தம் பாய்கிறது. அன்னதானப் பையன்களைப் போலவே தேவைக்கு அதிகமாகவே பாய்கிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஆக்சிஜனை ஏந்தியிருக்கும்போது அது காந்தத்தைக் கண்டுகொள்ளாது. ஆக்சிஜனை இறக்கிவிட்டால் மெல்லிய காந்தத் தன்மை வந்துவிடும். லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியெல்லும் இதை 1936ல் கண்டறிந்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1990ல், பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜப்பானியர் செய்ஜி ஒகாவா, இந்த வேறுபாட்டை எம்ஆர்ஐ இயந்திரத்தால் உயிருள்ள மூளையில் பார்க்க முடியும் என்று எலிகளில் காட்டினார். 1992ல் மனிதர்களிலும் செய்து பார்த்துவிட்டார்கள்.

ஊசி கிடையாது, எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது. "கரண்ட் வைப்பாங்களா?" என்று அத்தை கேட்டார். அதுவும் கிடையாது. பலத்த காந்தமும் ரேடியோ அலைகளும்தான். காந்த பலத்தை டெஸ்லா என்ற அளவில் சொல்வார்கள். 3 டெஸ்லா இயந்திரம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 60,000 மடங்கு. அதனால்தான் உடம்பில் இரும்பு, பேஸ்மேக்கர் போன்ற எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறார்கள். அரைஞாண் கயிற்றில் கட்டிய தாயத்தையும் கழற்றத்தான் வேண்டும். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

இந்த முறைக்குச் சில குறைகள் உண்டு. வாளி போய்ச் சேர நேரமாகும்: மூளை வேலை செய்து ஏறக்குறைய 5 விநாடிக்குப் பிறகுதான் இரத்தப் பாய்ச்சல் உச்சிக்கு வரும். படத்தில் காணும் ஒவ்வொரு சிறு கட்டமும் 2, 3 மில்லிமீட்டர்தான் என்றாலும், அதற்குள் பல லட்சம் நரம்புச் செல்கள் அடக்கம். சமிக்ஞை மாறுவதோ ஒன்றிரண்டு சதவீதம்தான். அவ்வளவு சின்ன மாற்றத்தைப் பிடிக்க, அரை நிமிடம் வேலை, அரை நிமிடம் ஓய்வு என்று திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். தலை கொஞ்சம் அசைந்தால்கூட எல்லாம் கெட்டுவிடும்.

சரி, இனி எனக்கு ரொம்பவும் முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன்.

சமிக்ஞை சின்னதாக இருந்ததால், ஆய்வாளர்கள் பல வருடங்களாக ஒரு வழியைக் கையாண்டார்கள். இருபது பேர், முப்பது பேரை ஸ்கேன் செய்து, எல்லாருடைய மூளையையும் ஒரே அச்சுக்குள் நீட்டிச் சுருக்கிப் பொருத்தி, சராசரி எடுப்பார்கள். உலகம் முழுவதும் பயன்படும் ஓர் அச்சு, கனடாவின் மொன்ட்ரியால் நகரில் 152 பேரின் மூளைப் படங்களைச் சராசரியாக்கி உருவானது. மனித மூளை பொதுவாக எப்படி வேலை செய்கிறது என்று அறிய இது நல்ல வழி. நாம் புத்தகங்களில் பார்க்கும் வண்ண வண்ண மூளைப் படங்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

ஆனால் மருத்துவரிடம் வந்து உட்கார்வது சராசரி அல்ல, ஓர் ஆள்.

அத்தைக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் பால் வெட்டியவர் அவர். "அத்தை, ஆபீஸ்ல கிராணி கணக்கு எழுதுவாரே, இந்தக் காட்டுல ஒரு மரத்துக்கு இவ்வளவு பால்னு, அந்த மரம் எங்க நிக்குது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அப்படி ஒரு மரமே இல்லையே! ஒண்ணு மங்கு நிறையக் கொடுக்கும், பக்கத்துல இருக்கிறது சொட்டுச் சொட்டா வடியும். ஆழமா வெட்டினா புண்ணாகிற மரமும் இருக்கு. எந்த மரம் எப்படின்னு வெட்டுறவளுக்குத்தான் தெரியும்." அவர் நாளொன்றுக்கு நானூறு, ஐந்நூறு மரம் பார்த்தவர். கிராணியின் கணக்கு பொய்யில்லை. தோட்டத்தை நடத்த அது வேண்டும். ஆனால் குறிப்பிட்ட ஒரு மரத்தின் பட்டையில் உளியை வைக்கும்போது அந்தக் கணக்கு உதவாது.

மூளை ஆய்விலும் பால் வெட்டுகிறவரின் பார்வை வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். அமெரிக்காவில் ரஸ்ஸல் போல்ட்ராக் என்ற ஆய்வாளர் தன்னையே சோதனைப் பொருளாக்கி, ஒன்றரை வருடம் வாரந்தோறும் மூளையை ஸ்கேன் செய்துகொண்டார். 2015ல் அந்த முடிவுகள் வெளிவந்தன. அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் எமிலி ஃபின்னும் அவர் குழுவினரும் 126 பேரின் ஸ்கேன்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் சும்மா படுத்திருக்கும்போது மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கும் ஒழுங்கு இருக்கிறதே, அது கைரேகை போல ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஒரு நாள் எடுத்த ஸ்கேனை வைத்து மறுநாள் ஸ்கேன் கூட்டத்திலிருந்து அதே ஆளை 90 சதவீதத்துக்கும் மேல் சரியாக அடையாளம் காண முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு. நிகோ டோசன்பாக்கும் ஸ்டீவன் நெல்சனும் தொடங்கியது. பகலில் ஸ்கேன் இயந்திரத்துக்குக் கட்டணம் அதிகம், நள்ளிரவில் குறைவு. அதனால் இவர்கள் நள்ளிரவில் கூடினார்கள். குழுவுக்குப் பெயரே 'நள்ளிரவு ஸ்கேன் சங்கம்' என்று ஆகிவிட்டது. பத்தே பத்து பேர், டோசன்பாக் உட்பட. ஆயிரம் பேரை ஐந்து நிமிடம் பார்ப்பதற்குப் பதிலாக, பத்து பேரை இரவு இரவாக வரவழைத்து, ஓய்வு நிலையில் மட்டும் ஆளுக்கு 5 மணி நேரம் பதிவு செய்தார்கள். 2017ல் முடிவு வந்தது. சராசரிப் படத்தில் காணவே காணாத திட்டுகளும் வளைவுகளும் ஒவ்வொரு தனி மூளையிலும் இருந்தன. அவை கோளாறுகள் அல்ல. அடுத்த இரவு எடுத்தாலும் அதே இடத்தில் இருந்தன. அந்த ஆளின் மூளை அப்படித்தான்.

பிறகு டோசன்பாக் தன் வலது கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். எலும்பு முறியவில்லை. பயன்படுத்தாத கையின் பகுதி மூளையில் என்ன ஆகிறது என்று பார்க்க இரண்டு வாரம் கட்டோடு திரிந்தார், அவரோடு இன்னும் இரண்டு பேர். தினமும் ஸ்கேன். இரண்டே நாட்களில் அந்தக் கைக்கான மூளைப் பகுதி தன் கூட்டாளிப் பகுதிகளிலிருந்து விலகத் தொடங்கியது. கட்டை அவிழ்த்த பிறகு திரும்பிச் சேர்ந்தது. பக்கவாதத்தால் கை விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் யாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் 'பாவம், ஓய்வெடுக்கட்டும்' என்று ஆளைப் படுக்க வைத்துவிடுகிறோமே, அதை நினைத்துத்தான் சொல்கிறேன்.

2024ல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சார்ல்ஸ் லிஞ்ச், கானர் லிஸ்டன் குழுவினர் இதே நீண்ட நேரப் பார்வையை மனச்சோர்வு உள்ளவர்கள் பக்கம் திருப்பினார்கள். எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஒரு வலைப்பின்னல் மூளையில் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அது மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பரப்பில் விரிந்திருந்தது.

இதைக் கேட்டதும், அப்படியானால் ஸ்கேன் எடுத்து மனச்சோர்வைக் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். இல்லை, இன்னும் இல்லை. இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். ஒரு கூட்டத்தில் காணும் வேறுபாடு வேறு, ஓர் ஆளைப் பார்த்து 'உனக்கு இந்த நோய்' என்று சொல்வது வேறு. மனச்சோர்வு, ஆட்டிசம், கவனக்குறைவு எதையும் ஃபங்ஷனல் எம்ஆர்ஐ எடுத்து உறுதி செய்யும் நிலைக்கு மருத்துவம் இன்னும் வரவில்லை. பிள்ளையின் மூளையை ஸ்கேன் செய்து என்ன படிக்கலாம் என்று சொல்கிறோம் என்று யாராவது வந்தால் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

கவனமில்லாமல் கணக்குப் போட்டால் இந்த இயந்திரம் எதை வேண்டுமானாலும் காட்டும். 2009ல் கிரெய்க் பென்னெட் என்பவரும் நண்பர்களும் செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனுக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அந்த மனிதர் என்ன உணர்கிறார் என்று மீனிடம் கேட்டார்கள். சரிபார்க்காத கணக்கில் மீனின் மூளையில் சில புள்ளிகள் ஒளிர்ந்தன! பத்தாயிரம் பேர் ஆளுக்கொரு நாலு நம்பர் லாட்டரி எடுத்தால் யாரோ சிலருக்கு விழுந்தே தீரும். அதற்காக அவர் கண்ட கனவு பலித்தது என்று சொல்ல முடியுமா? பல்லாயிரம் புள்ளிகளைச் சோதித்தால் சில தற்செயலாக ஒளிரத்தான் செய்யும். சரியான திருத்தம் போட்டதும் மீன் அமைதியாகிவிட்டது. நல்ல ஆய்வாளர்கள் இந்தப் பாடத்தை மறப்பதில்லை.

அப்புறம் எதற்குத்தான் இது இப்போதே உதவுகிறது? என் மச்சானுக்கு எழுதிய காரணத்துக்குத்தான்.

வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்து போதுமான பலன் தருவதில்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியாகச் சாப்பிட்டும் நிற்காவிட்டால், வலிப்பு கிளம்பும் இடத்தை அறுவை சிகிச்சையால் நீக்கலாமா என்று யோசிப்பார்கள். மச்சானுக்குப் போன வருட எம்ஆர்ஐயில் இடது பொட்டுப் பக்கம் ஒரு தழும்பு தெரிந்தது. வலிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை ஃபங்ஷனல் எம்ஆர்ஐ முடிவு செய்யாது. அதற்கு நேரில் பார்த்தவர்கள் சொல்லும் விவரம், மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்யும் இஇஜி, சாதாரண எம்ஆர்ஐ எல்லாம் இருக்கின்றன. இது பதில் சொல்வது வேறு கேள்விக்கு: அந்த இடத்தைத் தொட்டால் அவன் பேச்சு போய்விடுமா?

வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பேச்சு இடது பக்க மூளையில் இருக்கிறது. இடது கைப் பழக்கம் உள்ளவர்களில் பத்தில் ஏழு பேருக்குத்தான் அப்படி. மற்றவர்களுக்கு வலது பக்கம், அல்லது இரண்டு பக்கமும். சிறு வயதிலேயே மூளையில் தழும்பு விழுந்திருந்தால் பேச்சு இடம் மாறியும் இருக்கலாம். என் மச்சான் இடது கைக்காரன். தழும்பும் இடது பக்கம். புத்தகம் சொல்லும் சராசரியை நம்பி அவன் மண்டையைத் திறக்க முடியாது. அவனுடைய பேச்சு அவனுடைய மூளையில் எங்கே இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

முன்பெல்லாம் இதற்கு வாடா சோதனை என்று ஒன்று செய்வார்கள். ஜூன் வாடா என்ற மருத்துவர் 1949ல் கொண்டுவந்தது. கழுத்துத் தமனி வழியாக மருந்து செலுத்தி, மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் உறங்க வைத்து, ஆளால் பேச முடிகிறதா என்று பார்ப்பது. இன்றும் சிலருக்குச் செய்கிறார்கள். பேச்சு எந்தப் பக்கம் என்று அறிய மட்டும் என்றால், பலருக்கு ஃபங்ஷனல் எம்ஆர்ஐ அந்த வேலையை நோகாமல் செய்துவிடுகிறது. அமெரிக்காவில் 2007லேயே இது மருத்துவக் கட்டணப் பட்டியலில் ஏறிவிட்டது. நம் நாட்டில் கிளந்தானின் கூபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் நரம்பியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குத் தொலைபேசியில் பேசியபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "நோயாளி வீட்டில் எந்த மொழி பேசுவார்?" நல்ல கேள்வி. பேச்சுக்கான இடத்தைத் தேடும்போது ஆள் உள்ளுக்குள் சொற்களை யோசிக்க வேண்டும். மச்சான் வீட்டில் தமிழ், தொழிற்சாலையில் மலாய், மேலதிகாரியிடம் கொஞ்சம் ஆங்கிலம். 1997ல் நியூயார்க்கில் ஜாய் ஹிர்ஷ் குழுவினர் இருமொழிக்காரர்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். குழந்தையிலேயே இரண்டையும் சேர்த்துக் கற்றவர்களுக்கு மூளையின் முன்பக்கப் பேச்சு மையத்தில் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன. வளர்ந்த பிறகு இரண்டாவது மொழியைக் கற்றவர்களுக்கு அதே மையத்துக்குள் இரண்டும் சற்றுத் தள்ளித் தள்ளி இருந்தன. ஆகவே மலாயில் மட்டும் சோதித்துவிட்டு 'பேச்சு இங்கே இருக்கிறது' என்று சொன்னால், அம்மாவோடு பேசும் மொழியின் இடம் விட்டுப்போகலாம்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. சொற்பட்டியல் தமிழில் இருந்தால் மட்டும் போதாது, அவன் பேசுகிற தமிழில் இருக்க வேண்டும். சந்தையைப் பாசார் என்று சொல்லிப் பழகியவனிடம் அங்காடி என்று காட்டினால் அவன் முதலில் திகைப்பான், பிறகு தேடுவான். அப்போது ஒளிர்வது பேச்சா, திகைப்பா? தமிழ் நோயாளிகளுக்கான பட்டியலைத் தயாரிப்பவர்கள் சுங்கை சிப்புட், பீடோர், கூலிம் பக்கம் வந்து நம் பேச்சைக் கேட்க வேண்டும்.

நல்லவேளை, அவனுக்கு வந்த பயிற்சி எளியது. ஓர் எழுத்தைச் சொல்வார்கள். அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களை, அரை நிமிடம், உதடு அசையாமல் மனதுக்குள் அடுக்க வேண்டும். அடுத்த அரை நிமிடம் சும்மா இருக்க வேண்டும். வீட்டில் பழகிவிட்டு வரச் சொன்னார்கள். இயந்திரச் சத்தம் பலமாக இருக்கும், காதடைப்பான் தருவார்கள், பயமாக இருந்தால் அழுத்த கையில் ஒரு பொத்தான் இருக்கும் என்றெல்லாம் அவனிடம் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அத்தை வீட்டு ஹாலில் பாயை விரித்து அவனைப் படுக்க வைத்தோம். நான் கைப்பேசியில் நேரம் பார்த்தேன். "க" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அத்தை தாங்க மாட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "கத்தி, கரண்டி, கட்டிப்பால்…" என்று எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். மனசுக்குள்ளேதான் சொல்ல வேண்டும், எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று அவரை நிறுத்தினேன். அரை நிமிடம் முடிந்தது.

"எத்தனைடா?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

"கங்காணியைச் சேர்த்தியா?"

அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "அது உங்க வார்த்தைம்மா."